ஓரம் போன தட்டுகள்

மாமு,

இன்று காலை வாசலைப் பெருக்கும்போது, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து நீலக் கோடு போட்ட பீங்கான் சில்லு ஒன்று வந்தது. மகள் கல்யாணம் முடிந்து ஒரு வாரமாகியும் உன் தட்டு என் வீட்டை விட்டுப் போகவில்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது!

கப்பலில் சமையல்காரனாக இருந்த என் சிநேகிதன் நீ, லீவில் ராயபுரம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரே கதைதான். புத்தாண்டு மணியின் ஒவ்வொரு அடிக்கும் ஸ்பெயின்காரன் ஒரு திராட்சை விழுங்குவான் என்பாய். மடகாஸ்கரில் செத்தவர்களை வெளியே எடுத்து, புதுத் துணி சுற்றி, ஆடிப்பாடி மறுபடி உள்ளே வைப்பார்கள் என்பாய். "கப்சா வுடாத" என்பேன் நான். என் மகளோ வாயைப் பிளந்து கேட்பாள். அவளுக்கு உயிர் ஜெர்மனிக் கதைதான். அங்கே கல்யாணத்துக்கு முதல் நாள் வாசலில் பீங்கானைப் போட்டு உடைப்பார்களாம்; பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டுமாம். "கண்ணாடி மட்டும் கூடாது, ஆவாது" என்று கண்டிப்பாகச் சொல்வாய். "உன் கல்யாணத்துக்கு மொத தட்டு சித்தப்பாதான்" என்று அவளுக்கு வாக்கும் கொடுத்தாய். கப்பலில் ஓரம் போன தட்டுகளை ஒவ்வொரு லீவுக்கும் கொண்டுவந்து, என் பரணில் ஒரு கோணியை நிரப்பினாய். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

நலங்கு முடிந்ததும் மகள் கோணியை இறக்கினாள். "இது நடக்கலன்னா மணையில உக்கார மாட்டேன்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். அவர் குரல் தெருமுனை வரை கேட்டது.

"கல்யாண வூட்ல ஒடைக்கிறதா? இன்னா சம்பந்தி, அபசகுனமா கீது!"

நாளைக்குக் கல்யாணம் நடக்குமா என்றே பயந்துவிட்டேன். நீ முன்பு எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்: "நாம திருஷ்டிக்குப் பூசணிக்கா ஒடைக்கலியா? அவன் தட்டு ஒடைக்கிறான். பாவம், அவனுக்குப் பூசணிக்கா கெடைக்கல!"

அந்த அம்மா என்னை முறைத்தார். விறுவிறுவென்று இறங்கிப் போய் ஆட்டோவில் ஏறினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதே ஆட்டோ திரும்பி வந்தது. இறங்கியவரின் இடுப்பில் விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி!

"திருஷ்டின்னா எங்க வூட்டுதும் சேத்துக் கயியட்டும்."

மகள் முதல் தட்டை என் கையில் திணித்தாள். கை எழவில்லை, மாமு. அது நீ போட வேண்டிய தட்டு. "சித்தப்பா பேரச் சொல்லிப் போடுப்பா" என்றாள். உன் பெயரைக் கத்திப் போட்டேன். படீர்! அப்புறம் தெருவே கூடிவிட்டது. மேளக்காரர்கூட ஒரு கோப்பை கேட்டு வாங்கி உடைத்தார். மாப்பிள்ளை விளக்குமாறு பிடிப்பதைப் பார்க்க மாடியெல்லாம் கூட்டம். உன் வீட்டுக்காரி அழுதுகொண்டே சிரித்தாள்.

சில்லைக் குப்பையில் போட மனம் வரவில்லை. காலிக் கோணியை உதறி, சில்லை அதில் போட்டு, மறுபடி பரணில் வைத்திருக்கிறேன். மாலையில் டீக்கடையில் காது உடைந்த பீங்கான் கப் ஒன்றைக் கேட்டு வாங்கி அதையும் கோணியில் போட்டேன். உன் மகன் இப்போதுதான் ப்ளஸ் டூ படிக்கிறான். படிக்கட்டும், கோணி நிறைய நாளாகும். அவன் கல்யாணத்துக்கு மொத தட்டு நான்.