கொயினாவுக்குப் பிறகு எடுத்த ரத்தம்

தேவதாரு எண்ணெயை ஒரு சொட்டு கண்ணாடித் துண்டின் மேல் விட்டதும், இன்று காலை அந்த வாசனை எழுந்தது. உன் ரத்தத்தைப் பார்த்த அன்றும் இதே வாசனைதான். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன்.

நீ மாடியில் வார்டு டாக்டர். நான் கீழே பரிசோதனை அறையில். இரண்டு பேர் வீடும் ஸ்ரீவராகத்தில்; அங்கிருந்து ஒன்றாக நடந்து வருவோம். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததும் இரண்டு கட்சி. "ஒன் கண்ணாடி பதில் சொல்றதுக்குள்ள என் நோயாளி கொணமாகி ஆத்துக்கே போயிடுவான்டா" என்பாய். குளிர்காய்ச்சலோடு யார் வந்தாலும் உனக்கு முதலில் கொயினா, பிறகுதான் என் ஞாபகம். மருந்து உள்ளே போனபின் ரத்தம் எடுத்தால் மலேரியாக் கிருமி கண்ணில் படாமல் போய்விடும் என்று கத்துவேன். நீ சிரிப்பாய்.

போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் தோட்டக் கூலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நீ, நடுக்கத்தோடு நேராக என்னிடம் வந்து விரலை நீட்டினாய். "எடுத்துக்கோடா. இன்னிக்கு நீதான் டாக்டர்." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வெகுநேரம் தேடினேன், ஒரு கிருமிகூட இல்லை. அப்படியே எழுதி மாடிக்கு அனுப்பினேன். உன்னை வார்டில் சேர்த்துக் கொயினா தொடங்கியிருந்த பெரிய டாக்டர் அதை நம்பி, டைபாய்டு என்று முடிவு செய்து கொயினாவை நிறுத்தினார். முகத்தைப் பார்த்தே நோய் சொல்லும் மனிதர், என் சீட்டுக்கு மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. மறுபடி எடுத்த ரத்தத்தில் கிருமி மொய்த்தது. ஊசியில் கொயினா ஏற்றினார்கள். நினைவு தப்புமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாய்: "அங்கேயே கொயினா போட்டுண்டுட்டேன்டா. சொன்னா நீ கோச்சுப்பியேன்னுட்டு..."

கோபம்தான் வந்தது. இன்றும் வருகிறது. நான் கண்டது பொய்யில்லை. அதை நம்பித்தான் உன்னைச் சாகவிட்டோம். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் மனம் ஆறவில்லை.

இன்று விரலை நீட்டியவளும் போனக்காட்டுக்காரிதான், கொழுந்து பறிப்பவள். கொயினா சாப்பிட்டாயா என்று கேட்டேன். "இல்லைய்யா." ஊசியை எடுக்காமல் மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "கங்காணி குடுத்தாரு, முழுங்கிட்டேன். சொன்னா ஏசுவீகளோன்னு..."

"ஏசமாட்டேன்மா" என்றேன். ஊசியை எடுத்து விரலில் குத்தினேன்.

அவள் ரத்தத்திலும் கிருமி தெரியவில்லை. சீட்டை ஆளிடம் கொடுக்காமல் நானே மாடி ஏறினேன். கொயினாவை நிறுத்த வேண்டாம் என்றேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் இளம் டாக்டர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிருமி இல்லேன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

"எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான்" என்று ஆரம்பித்தேன்.