இறுக்கி மூடிய வாளி

அன்புள்ள மகள் நிருஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் டேனியலும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், யாரிடம் வேண்டுகிறேன் என்று வழக்கம்போலக் கேட்காதே. கிளாஸ்கோவில் கோடை வந்தும் மழை விடவில்லை என்றாய், ஈரச் சப்பாத்தோடு வகுப்பில் இருக்காதே, ஒரு சோடி காலுறை பையில் வைத்துக்கொள். இங்கே பூமியின் தென்கோடியில், மவுண்ட் ரோஸ்கில்லில், குளிர் தொடங்கிவிட்டது, காலையில் காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பென்ரோஸுக்கு வேலைக்குப் போகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் கடிதம். உன் முகத்தைப் பார்த்தால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

உன் மீட், அந்தத் தேன் மது, இப்போது இல்லை. போன ஞாயிறு நீ கேட்டபோது "அது பாட்டுக்கு இருக்குது" என்று சொன்னேன், அது பொய். நீங்கள் கிளாஸ்கோவுக்குப் போவதற்கு முன், டேனியல் வீட்டார் தேனீ வளர்த்து எடுத்த தேனைத் தண்ணீரில் கரைத்து ஈஸ்ட் போட்டு ஒரு வாளியில் கராஜில் வைத்தபோது எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பதை நான் மறைக்கவில்லை. உங்கள் கல்யாணச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுத் தேனும் எங்கள் வீட்டுப் பழமும் சேர்ந்த ஒன்று வேண்டும் என்று நீ சொன்னாய், கடையில் வாங்கினால் ஆகாதா என்று நான் கேட்டேன். ஆனால் ஏப்ரலில் எங்கள் மரத்து ஃபீஜோவா, அந்தக் கொய்யா மாதிரியான பழம், விழத் தொடங்கியதும் நீ சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். தோல் கசக்கும் என்றபடியால் ஒவ்வொரு பழமாக வெட்டிச் சதையை மட்டும் கரண்டியால் வழித்தேன். சாறு நன்றாக இறங்கட்டும் என்று ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு இளகவிட்டு, துணிப்பையில் கட்டித் தேனுக்குள் இறக்கினேன். அடங்கிக் கிடந்த தேன் பழத்தின் சீனியைக் கண்டதும் மறுபடி பொங்கியது. பழப்பை மிதந்து மேலே வந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்றாய், வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் கழுவிய கரண்டியால் அதை அமுக்கிவிட்டேன். மூடியில் நீ செருகிய, தண்ணீர் நிற்கிற சின்னக் குழாய் வழியாகக் காற்று குமிழியிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருநாள் கரண்டி நுனியில் எடுத்து நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். இளம் புளிப்பும் பூமணமுமாக நன்றாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் விட்டது ஏன் என்று தெரியவில்லை. தோற்றுப்போனதுபோல இருந்திருக்கும்.

பிறகு அப்பப்பாவின் திவசம் வந்தது. வீட்டுக்குள் இடம் போதாது, வருகிறவர்களுக்குக் கராஜில்தான் மேசை போட வேண்டும், அங்கேதான் உன் வாளி. ஐயர் வருகிறார், பாட்டனி டவுன்ஸிலிருந்து புஷ்பவதி மாமி குடும்பத்தோடு வருகிறா, நான் மரக்கறி நறுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் மது குளுக் குளுக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. நீ போகும்போது கடைசியாகச் சொன்னது இதுதான், "அம்மா, எதைச் செய்தாலும் இறுக்கி மட்டும் மூடிப்போடாதேங்கோ." இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அதை நீ சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் முதல்நாள் பின்னேரம் அந்தக் குழாயைக் கழற்றி எடுத்துவிட்டு ஓட்டையில் ரப்பர் அடைப்பை அமுக்கி, மணம் வராமல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பழைய சேலையால் போர்த்து, நடையில் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் தள்ளிவிட்டேன். வீட்டிலேயே சூடான இடம் அது. ஒரு நாள்தானே என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை, மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதைத் தவிர.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது வெடித்தது. அலுமாரிக் கதவு திறந்து அடித்தது, மூடி நடையின் மறுபக்கச் சுவரில் போய் விழுந்தது, பழக்கூழ் கம்பளத்திலும் அப்பப்பாவின் படத்துக்குக் கீழேயும் தெறித்தது. வீடு முழுக்க மணம். மாமி கையைக் கழுவாமலே வந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சாள், வீட்டுக்குள்ள கள்ளுத் தவறணையே வைச்சிருக்கிறீர்?" என்றா. ஐயர் தன் இலையை விட்டு எழும்பவில்லை, "பழமும் தேனும் எண்டால் பொங்குந்தானே, பஞ்சாமிர்தமும் சூட்டில வைச்சால் உப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார். அந்த இடத்தில் நான் சிரித்திருக்கலாம், என் மகளின் கல்யாணத்துக்கு என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நிருஜா ஏதோ செய்து வைச்சிட்டுப் போயிட்டாள், எனக்கு ஒண்டும் தெரியாது" என்று. "அந்த வெள்ளைக்காரப் பெடியன்ர பழக்கமாக்கும்" என்று மாமி சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை. டேனியல் எங்கள் வீட்டுக்கு வந்தால் மோர் கேட்டு வாங்கிக் குடிக்கிற பிள்ளை.

இத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. வாளி கவிழவில்லை, பாதிக்கு மேல் மீதம் இருந்தது, பழப்பை கூட உள்ளேதான் கிடந்தது. குழாயைத் திரும்பச் செருகியிருந்தால் தப்பியிருக்கும். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோரும் பார்க்கச் சிங்கில் ஊற்றினேன். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஊற்றினேன். வெடித்தது விபத்து என்று நீ மன்னிப்பாய், ஊற்றியது விபத்து இல்லை. பின்னேரம் அப்பா முழங்கால் நோவோடு குனிந்து கம்பளத்தைத் தேய்த்துக்கொண்டே, "இஞ்சேரும், பிள்ளையின்ர கலியாணத்துக்கெண்டு சொல்லியிருக்கலாமே" என்றார். மணம் இன்னும் போகவில்லை, நடையில் போகும்போதெல்லாம் வருகிறது.

அந்தக் கிழமை டேனியலின் தாய் ஹெலனுக்குப் போன் எடுத்தேன். அவவோடு டிசம்பரில் சொல்லும் நத்தார் வாழ்த்தைத் தவிர நான் ஒன்றும் கதைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னேன், சிங்கில் ஊற்றியதையும் சேர்த்து. தங்கள் வீட்டிலும் ஒருமுறை மூடி பறந்து கூரையில் பட்டது என்றா, ஊற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதை நான் கவனித்தேன். இந்த முறை மழையால் தேன் குறைவாம், ஆனாலும் குளிர்காலத்துக்கென்று எடுத்துவைத்ததில் ஒரு வாளி தருகிறா. நானே போய் எடுத்துவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர்கள் வீடு ஹமில்டனுக்கும் அப்பால், அவ்வளவு தூரம் நான் கார் ஓட்டியது கிடையாது.

தேன் கிடைத்தது, பழம் இல்லை. எங்கள் மரம் ஓய்ந்துவிட்டது. உறையவைத்த ஃபீஜோவா மூட்டைமூட்டையாக வைத்திருக்கிற ஒரே ஆள் யார் என்று உனக்கே தெரியும். இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டுக் கடைசியில் மாமியைக் கூப்பிட்டேன். பழம் போட்டது நான், இறுக்கி மூடியதும் நான், மூடாதே என்றுதான் நிருஜா சொன்னாள், தேன் சம்பந்தி வீட்டுத் தேன், கல்யாணத்துக்குச் செய்தது, டேனியலைப் பற்றி நீங்கள் சொன்னபோது நான் பேசாமல் இருந்தது பிழை, உங்களிடம் ஃபீஜோவா இருக்கிறதா என்று ஒரே மூச்சில் கேட்டேன். "கலியாணத்துக்குச் சாராயம் காய்ச்ச என்னட்டையே பழம் கேக்கிறீர், நல்லாயிருக்கு" என்று போனை வைத்துவிட்டா. நேற்று வேலையால் வந்தபோது வாசல் கைபிடியில் மூன்று பைகள் தொங்கின. தோல் போகச் சதை மட்டும் வழித்து உறையவைத்தவை, என் கரண்டி வேலையைவிடச் சுத்தம். இரவு மாமி போனில் சொன்னது இவ்வளவுதான், "சட்னிக்கெண்டு குடுத்தது. ஆரும் கேட்டால் சட்னிக்கெண்டே சொல்லும்."

சனிக்கிழமை தேன் எடுத்துவரப் போகிறேன். முதலில் தேன் நொதித்து அடங்கட்டும், அதன்பிறகுதான் பழம். நீங்கள் கல்யாணத்துக்கு வருகிற ஜனவரிக்கு அது இளசாகத்தான் இருக்கும், முன்னதைப்போல வராது, தெரியும். இதைக் கராஜிலோ அலுமாரியிலோ வைக்கப்போவதில்லை. முன் அறையில் ஜன்னலோரம் வெயில் படாத மூலையில், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கிறேன். குமிழிச் சத்தம் கேட்டு யாராவது என்ன என்று கேட்டால் நான் சட்னி என்று சொல்லமாட்டேன்.

உன்னோடும் டேனியலோடும் எல்லா நன்மையும் கூட இருக்கட்டும், இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோபம் வந்தால் அடக்காமல் எழுது, போனிலும் திட்டலாம். எந்த ஈஸ்ட் போட்டீர்கள் என்று டேனியலிடம் கேட்டுச் சனிக்கு முன் அனுப்பு, பாக்கெட்டை நான் குப்பையில் போட்டுவிட்டேன்.

உன் அம்மா,
தமயந்தி