மழைக்கு ஆமென் சொல்லாதவன்

அன்புள்ள அம்மாவுக்கு, யோவேல் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது. முட்டிவலி இப்ப பரவாயில்லையா? நான் நல்லாருக்கேன்.

வெள்ளிக்கிழமை இங்க குவைத்துல, சபையில ஒரு கூத்து. "ஊர்ல வெயில் கொளுத்துது, மழைக்காக ஜெபிப்போம்"னார் பாஸ்டர். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. மழை பேஞ்சா மரக்காணத்துல நம்ம உப்பு கரைஞ்சுடுமே! ஜெபத்துக்கு நடுவுல போனை எடுத்து வானிலை பார்த்துட்டேன். பக்கத்துல இருந்தவர் முறைச்சார், சிரிச்சு சமாளிச்சேன்.

அன்னிக்கு மட்டும் இல்லம்மா. எப்ப முழங்கால் போட்டாலும் மனசு உப்பளத்துலதான் போய் நிக்குது. கர்த்தர் ஞாபகமே வரல. இனிமே வரும்னும் தோணல.

தைலம் தீந்துடுச்சு, யாராவது வந்தா குடுத்தனுப்பு. வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். உப்புக்காக ஜெபம் பண்ணாத, எனக்காகப் பண்ணு. உப்புக்குத் தார்ப்பாயாவது இருக்குது.