நெட் கம்பத்தடியில் பென்சில் கோடு

செவ்வாய்க்கிழமை, சித்தூர்.

எங்கள் ஷட்டில் கோர்ட்டின் மரத்தரையைத் தேய்த்துப் பாலிஷ் போட இன்று திருப்பதியிலிருந்து காண்ட்ராக்டர் வந்தார். தேய்க்கும் மெஷின் ஓடும் முன்பே தரை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டேன். கோடு மிச்சமிருந்தால் அங்கே மெஷின் படவில்லை என்று அர்த்தம். வீடியோ பார்த்துக் கற்றது.

"இன்னாம்மா, இது கோர்ட்டா, சிலேட்டா?" என்று சிரித்தார்.

மதியமே தேய்த்தாயிற்று என்று பாலிஷ் டப்பாவை எடுத்துவிட்டார். நெட் கம்பத்தைச் சுற்றி என் கோடுகள் அப்படியே இருந்தன.

"அண்ணா, இங்க மெஷினே படல."

"பாலிஷ் போட்டா மறைஞ்சிடும். யூட்யூப் பாத்துக்கினு எனக்கே பாடம் நடத்துறியா?"

கூட நின்ற நைனா, என் அப்பா, என்னைத்தான் அடக்கினார். "அவரு பெரிய மேஸ்திரிம்மா, வுட்டுடு."

எனக்குப் பிடித்த வீராங்கனை, அம்பயர் தப்பாகச் சொன்னால் கை தூக்கிச் சேலஞ்ச் கேட்பாள். நானும் கை தூக்கினேன். போன மாதம் அதே கம்பத்தடியில் சிராய் ஏறிய கை.

"கோடு போறவரிக்கும் டப்பாவ தொறக்க வுடமாட்டேன்" என்று டப்பாமேல் உட்கார்ந்தேன்.

"அப்ப நீயே தேச்சுக்கோ!" மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். முட்டி போட்டாவது நானே தேய்ப்பேன்.

நைனா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் என் ராக்கெட் பையில் புது உப்புத்தாள்கள் நான்கு இருக்கின்றன. நான் வாங்கவில்லை.