பதினெட்டிலிருந்து கழித்தது

23 நவம்பர் 2023, வியாழன்

காலையிலேயே சர்வர் படுத்துவிட்டது. வருமானச் சான்றுக்கு வந்து காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே முறைத்தார்கள், நான்தான் ஏதோ பிளக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டது மாதிரி. உத்திரமேரூர் இ-சேவை மையத்தில் ஏழு வருடம் உட்கார்ந்ததில் முறைப்பு பழகிவிட்டது. சும்மா இருந்த நேரத்தில் போனில் லுப்ளின் ஊரின் வெப்பநிலையைப் பார்த்தேன். சராசரி இரண்டு டிகிரி. பதினெட்டில் இரண்டு போனால் பதினாறு. நோட்டில் குறித்தேன்.

இந்தக் கணக்கை என் வீட்டுக்காரர் ஜெகன் சொல்லிக்கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. போலந்தில், லுப்ளினில், அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய கொதிகலன் கூடம். அங்கே தண்ணீரைக் காய்ச்சி, ஊர் முழுக்கக் குழாயில் அனுப்பி, வீடுகளைச் சூடாக வைப்பார்கள். தினமும் அன்றைய சராசரி வெப்பத்தைப் பதினெட்டிலிருந்து கழிப்பார்களாம். மீதி எவ்வளவோ அவ்வளவுக்கு வீடுகளுக்குச் சூடு வேண்டும். அதைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் எவ்வளவு நிலக்கரி, எத்தனை ஆள், எந்த மாதம் வரைக்கும் வேலை என்றெல்லாம் முடிவு செய்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சூட்டுக் கணக்கு என்று பேர் வைத்திருக்கிறோம். நம் ஊருக்குப் போட்டுப் பார்த்தால் வருடம் முழுக்கப் பூஜ்யம்தான் வரும்.

கணக்கு குறைந்தால் அடுப்பைச் சீக்கிரம் அணைப்பார்கள். அணைத்தால் இவர் சீக்கிரம் வருவார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு ஊரில் வெயிலடிக்க வேண்டும் என்று காவாந்தண்டலம் வீட்டில் உட்கார்ந்து ஆசைப்படுகிற ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

2 டிசம்பர், சனி

செங்கல்பட்டு போய் வந்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பத்தெட்டு வயசு. கருமுட்டை ரொம்பக் கொறைஞ்சிட்டிருக்கு. ஜூலைக்குள்ள சிகிச்சையை ஆரம்பிச்சிடணும். அதுக்கு மேல தள்ளினா என்னால எதுவும் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரர் ஒரு மூணு மாசமாவது தொடர்ச்சியா கூட இருக்கணும்.”

பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். முதல் வருடம் மே பாதியில் வந்தார். அப்புறம் மே முதல் தேதி. கடைசியாக இந்த ஏப்ரல் இருபது. வருடா வருடம் அந்த ஊரில் குளிர் குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த ஏப்ரல் பத்துக்கே வந்துவிடுவார். ஏப்ரல், மே, ஜூன். மூன்று மாதம். போதும்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். போலந்துக்கு முன்னால் நாலு வருடமும் அவருக்கு வெளியூர் வேலைதான். சேர்ந்து இருந்த மாதங்களை மட்டும் எண்ணினால் நாங்கள் இன்னும் புது ஜோடி.

7 டிசம்பர்

மைனஸ் மூன்று. கணக்கில் இருபத்தொன்று. சனியன் பிடித்த குளிர்.

15 ஜனவரி 2024, திங்கள்

பொங்கல். சாயங்காலம் வீடியோவில் வந்தார். அத்தை பானையைத் தூக்கிக் காட்டினார்கள். அவர் சிரித்தார். ஆனால் முகத்தில் தெளிவில்லை.

கொதிகலன் கூடத்துச் சுவரில் நாற்பது வருடச் சூட்டுக் கணக்கை வரிசையாகக் கோடு போட்டு மாட்டியிருக்கிறார்களாம். “பாக்கறதுக்குப் படிக்கட்டு எறங்குற மாதிரி கீது திலகா. அது எறங்க எறங்க இங்க கீற கெழவனுங்க மூஞ்சி தொங்கிக்கினே போவுது” என்றார்.

“எறங்கட்டும். எனக்கு அந்தப் படி வழியாதான் நீங்க வரணும்” என்றேன்.

அத்தைதான் பக்கத்தில் நின்று சிரித்தார்கள்.

29 பிப்ரவரி, வியாழன்

மாதக் கூட்டல் முடித்தேன். 341! அவர் முதலில் போன வருடம் பிப்ரவரியில் 490. அந்தக் கிழவர்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பிப்ரவரிக்கு அறுநூறு வந்ததாம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடல் போய்ப் பெருமாளிடம் கேட்டேன். அங்கே வெயிலைக் கொடு என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பங்குனி கூடப் பிறக்கவில்லை, அதற்குள் இங்கே மண்டை காய்கிறது, இவள் வெயில் கேட்கிறாளே என்று நினைத்திருப்பாள்.

அவரிடம் சொன்னேன், “ம்” என்றார். இப்போதெல்லாம் வீடியோ போடுவதில்லை, டவர் சரியில்லையாம். போன் செய்கிற நேரமும் மாறிவிட்டது. ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம்.

18 மார்ச், திங்கள்

டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டேன். “இன்னும் குளிரு உடல. முடிஞ்சதும் சொல்றேன்” என்றார்.

என் நோட்டில் கழித்த மீதி எட்டு, ஒன்பது என்றே வந்துகொண்டிருக்கிறது. போன வருடம் இதே நாளில் பதினைந்து. சரி, அவர் அங்கே இருக்கிறார், நான் இங்கே இருக்கிறேன். யாருக்குத் தெரியும்?

1 ஏப்ரல், திங்கள்

சராசரி பதினேழு! பதினெட்டில் பதினேழு போனால் ஒன்று. வெறும் ஒன்று! அந்த ஊரில் இன்று எவனும் அடுப்பு மூட்டியிருக்க மாட்டான்.

போன் வந்தது. எடுத்ததும், “ஒரே குளிரு திலகா. கையெல்லாம் வெரச்சிப் போவுது” என்றார்.

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். இன்றைய எண்ணை அடித்துவிட்டு, ‘நெட்டில் தப்பாகக் காட்டுகிறது’ என்று எழுதினேன். அவரை அடிக்க முடியாதே, எண்ணைத்தான் அடிக்க முடியும்.

9 ஏப்ரல், செவ்வாய்

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வரிசையில் ஒருவன் நிற்கிறான். நிமிர்ந்தால் பாண்டியன். இவர் கூடவே போலந்துக்குப் போன திருமுக்கூடல் பையன். ஒரே கூடம், ஒரே ரூம்.

“எப்போ வந்தே?”

அவன் தரையைப் பார்த்தான். “பிப்ரவரியிலேயே வந்துட்டேன் அண்ணி.”

“பிப்ரவரியிலயா? வேலை முடியலியே!”

“இன்னா வேல? இந்த வருசம் குளிரே இல்லன்னு ஜனவரி கடைசியில பாதி பேர அனுப்பிட்டான். எங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்லதான் வெளிய போகச் சொன்னான். நான் வந்துட்டேன். அண்ணன் வரல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லாத.”

பின்னால் நின்ற ஆள் “சீக்கிரம்மா” என்றார். பாண்டியன் மனைவி பேரையும் குழந்தை பேரையும் பதிந்தேன். குழந்தைக்குப் பிறந்த தேதி தப்பாக அடித்து இரண்டு தடவை திருத்தினேன்.

10 ஏப்ரல், புதன்

கேட்டுவிட்டேன். பாண்டியன் பேரைச் சொல்லவில்லை. பதினேழு டிகிரியில் எவன் அடுப்பெரிக்கிறான் என்று கேட்டேன்.

சொல்லிவிட்டார். கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு ஒரு கம்பெனியில் உறையவைத்த காய்கறிகளை மூட்டை போடுகிற வேலை. பெரிய பனி அறை. எட்டு மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும்.

“நான் பொய் சொல்லல திலகா. நான் நிக்கிற எடத்துல குளிருதான்.”

அப்போதுதான் எனக்கு வந்தது பார் கோபம். “இன்னா பேசற நீ? கோர்ட்ல நிக்கிறியா? வக்கீல் மாதிரி பேசற? டாக்டரம்மா சொன்னது தெரியும்ல உனக்கு? ஜூலைன்னு தெரியும்ல? நாலு மாசமா இங்க ஒருத்தி நாள எண்ணிக்கினு கீறான்னு தெரியும்ல?” ஒன்பது வருடத்தில் அவரை நீ என்று பேசியது இன்றுதான்.

“வேல போச்சின்னு வந்து நிக்க மூஞ்சி இல்லமா. இந்த வேலய உட்டுட்டு வந்தா மறுபடி இந்த நாட்டுக்குள்ள உடமாட்டான். ரெண்டு மாசம் பொறு.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் திட்டியிருப்பேனா? மூஞ்சியா கேட்டேன் அவரிடம் — ஆளைத்தானே கேட்டேன்! வேலை இல்லாமல் வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றா சொன்னேன்? வந்திருந்தால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் — மூன்று மாதம் ஆகியிருக்கும். மூன்று மாதம்.

14 ஏப்ரல், ஞாயிறு

அத்தை பாயசம் வைத்தார்கள். “எம்புள்ள இந்நேரம் வந்திருக்கணுமே. அங்க இன்னும் குளிரா?” என்று என்னைக் கேட்டார்கள். “ஆமா அத்த” என்றேன்.

சாப்பிடும்போது ஒன்று உறைத்தது. குளிர் குறைந்ததால்தான் அவர் வேலை போனது. நானல்லவா அதைக் கேட்டேன்? கணக்கு குறையக் குறையப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குதித்தேனே. வேண்டிக்கொண்டதால் ஒரு ஊரே சூடாகிவிடாது, அது நாற்பது வருடமாக இறங்குகிற கோடு, எனக்குத் தெரியும். தெரிந்தும் பாயசம் இறங்கவில்லை.

6 மே, திங்கள்

கத்தரி வெயில். நாற்பத்திரண்டு. மையத்தில் ஃபேன் அனல்காற்றைத்தான் வாரி அடிக்கிறது. கையெழுத்துப் போட வந்த ஒரு பெரியவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தேன்.

லுப்ளின் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் இருக்கிற அறைக்கு வருடம் முழுக்க ஒரே குளிர். அதை எந்த நெட்டில் போய்ப் பார்ப்பது?

21 ஜூன்

“இன்னும் ஒரு மாசம்” என்றார் போனில்.

12 ஜூலை, வெள்ளி

செங்கல்பட்டிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுத்து, “வரல” என்றேன். “உங்களால முடியலயா, அவராலயா மேடம்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி.

9 ஆகஸ்ட், வெள்ளி

இரண்டு மாதமாக எனக்குத் தள்ளிப் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஊரிலேயே இல்லை, வயிற்றில் எதுவும் இருக்க வழியில்லை என்று புத்திக்குத் தெரியும். இருந்தாலும் செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வயிற்றின் மேல் பையை வைத்துப் பிடித்துக்கொண்டே போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். ரத்தம் எடுத்தார். சாயங்காலம் வரை உட்கார வைத்து அப்புறம் கூப்பிட்டார்.

“சிலருக்கு நாப்பதுக்கு முன்னாடியே நின்னுடும்மா. உங்களுக்கு நின்னுடுச்சி. இனி உங்க கருமுட்டையில வாய்ப்பில்ல.” கொஞ்சம் நிறுத்தி, “ஜூலையில ஆரம்பிச்சிருந்தாலும் நிச்சயமா நடந்திருக்கும்னு நான் சொல்லமாட்டேன்” என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. ஆரம்பிக்கவே இல்லையே.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெளியே ஒரு அம்மா கதவைத் தட்டி, “இன்னா பாப்பா, எவ்ளோ நேரம்?” என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

அத்தையிடம் ரத்தசோகை என்று சொன்னேன். நாளைக்கு முருங்கைக்கீரை பறித்து வைக்கிறார்களாம்.

22 செப்டம்பர், ஞாயிறு

அவரே கூப்பிட்டார். ரொம்ப நாள் கழித்து வீடியோ. கன்னம் ஒட்டிப்போய், வேறு யாரோ மாதிரி இருந்தார். இடது கையில் இரண்டு விரல் மரத்துவிட்டதாம், தொட்டால் தெரியவில்லையாம். “முடியல திலகா. உள்ள உட்டா உடட்டும், உடாட்டி போவட்டும். அடுத்த மாசம் வந்துடறேன். மொத்தமா வந்துடறேன். உன்ன ஏமாத்துனது போதும்” என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பனி அறைக்குள் நிற்கிற மனிதரிடம் போனில் எப்படிச் சொல்வது? வரட்டும், நேரில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

18 அக்டோபர், வெள்ளி

வந்துவிட்டார்.

மூன்று நாள் மழை இன்றுதான் விட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிச் சேற்றிலேயே நடந்து வந்தார். அத்தை கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். இந்த மாதத்தில்தான் மற்றவர்கள் எல்லாரும் கொதிகலன் வேலைக்கு அங்கே புறப்பட்டுப் போவார்கள்.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மரத்த விரலை விட்டுவிட்டு மற்ற விரலால் தட்டைப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்காய் குழம்பு, அப்பளம். அத்தை விசிறியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஜூலை தாண்டிடுச்சேன்னு நெனைக்காத திலகா. இனிமே நான் எங்கயும் போவல. மூணு மாசம் இன்னா, மூணு வருசம் ஆனாலும் கூடவே கீறேன். டாக்டரம்மாகிட்ட எப்போ போலாம்?”

நான் குழம்பு ஊற்றினேன்.

“தீபாவளி போவட்டும்” என்றேன். “போலாம்.”

“சரி” என்றார். இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார். போட்டேன்.