கோடையில் தண்ணீர் ஊற்றக் கூடாத செடி

குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேட்டரிக் கடை இருக்கிறது. இன்று காலை அதன் வாசலில் வெள்ளைக் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டிஸ்டில்டு வாட்டர். கடைக்காரர் ஒரு கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினார். வாசனையே இல்லாத தண்ணீரில் அப்படி என்னத்தைத்தான் மோந்தாரோ. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நான் அங்கேயே நின்றேன். கார் பேட்டரிக்கு ஊற்றும் அந்தத் தண்ணீரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து செடிக்கு ஊற்றிய மனிதர் நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே நீங்கள் ஒருத்தர்தான்.

அடுத்த குவார்ட்டர்ஸ் பெண்களெல்லாம் புருஷன் குடிக்கிறான், சீட்டாடுகிறான் என்று மூக்கைச் சிந்துவார்கள். என் புருஷன் பூச்சி தின்னும் செடி வளர்க்கிறார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தட்டுகள், தட்டில் தேங்கிய தண்ணீர், தண்ணீருக்குள் தொட்டிகள். குளியலறை ஜன்னலில் குடுவை குடுவையாகத் தொங்கும் ஒன்று. இலையெல்லாம் பிசின் துளியோடு மினுங்கும் அழுகண்ணி வகைகள். கொசு ஒட்டிக்கொண்டால் இலை மெல்லச் சுருண்டு அதை மூடும். நீங்கள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பீர்கள். காபி ஆறிப்போகும்.

புரட்டாசி சனிக்கிழமையில் நான் கேட்டேன்: "இன்னிக்கு நம்ம வீட்டுல கவிச்சி கிடையாதுங்க. உங்க செடிங்ககிட்ட சொல்லி வச்சீங்களா?"

"அதுங்க பொறந்த ஊர்ல புரட்டாசி கிடையாதுடி" என்றீர்கள், தலையைத் திருப்பாமலே.

பவர் ஹவுஸில் பாய்லருக்குப் போகும் தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் பிரிவில் உங்களுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வந்தாலும் அதே பேச்சுதான். "பாய்லருக்கும் இதுக்கும் ஒரே நாக்கு. உப்புத் தண்ணி ஆவாது." அதனால் குழாய்த் தண்ணீர் கூடாது. ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்து வைப்பீர்கள், அது தீர்ந்தால் பேட்டரிக் கடை. இவ்வளவு தெரிந்தவர் ஒரு வருஷம் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. இந்தச் செடிக்கு மண் ஆகாது, பீட் என்ற மட்கிய பாசிதான் வேண்டும், அது விலை அதிகம். பீட் பல லட்சம் வருஷம் புதைந்து கிடந்தால்தானே பழுப்பு நிலக்கரி ஆகிறது, அப்படியென்றால் இரண்டும் அண்ணன் தம்பி என்று முடிவு கட்டினீர்கள். ஷோகேஸில் அழகுக்கு வைத்திருந்த நிலக்கரிக் கட்டியை என் அம்மியில் வைத்துப் பொடித்துத் தொட்டியில் நிரப்பினீர்கள். நெய்வேலிக்காரனைத் தவிர யாருக்கும் இந்தப் புத்தி வராது. அதில் நட்டதெல்லாம் அந்த வாரமே கருகியது. அம்மியைத் தேய்த்துக் கழுவியும் ஒரு மாதம் சட்னி கருப்பாகத்தான் இருந்தது.

கோத்தகிரியிலிருந்து யாரோ கூரியரில் அனுப்பிய கிழங்கு அதற்குப் பிறகு வந்தது. பஞ்சில் சுற்றிய, மிளகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டை. கார்த்திகையில் நூல் போல ஒரு தண்டு எழும்பி, காசு காசாக இலை விட்டு, ஒவ்வொன்றிலும் பிசின் துளிர்த்தது. மாசி வெயிலில் மொத்தமும் காய்ந்து காணாமல் போனது. வெறும் தொட்டிதானே என்று குப்பைக்கு எடுத்துப் போனேன். நீங்கள் என் மேல் கத்திய சில தடவைகளில் அது ஒன்று. "அது சாகலடி, மண்ணுக்குள்ள தூங்குது. கோடையில ஒரு சொட்டு ஊத்துனாலும் கிழங்கு அழுகிப் போயிடும். மழை வரைக்கும் தொடாத."

அடுத்த கார்த்திகையில் அது மறுபடி முளைத்தது. எனக்குத் தோற்றுப்போனது போல் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு உங்கள் கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் பாண்டிச்சேரி, டயாலிசிஸ், மயங்கிக்கொண்டே திரும்பி வருவது. ஒரு நாளைக்குக் குடிக்க அரை லிட்டர் பாட்டில் ஒன்று. காபியும் ரசமும் மோரும் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் எல்லாம் அதற்குள்தான். டாக்டர் அந்தப் பொறுப்பை உங்களிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து உங்களுக்கு நான் பெண்டாட்டி இல்லை, காவல்காரி. குழாய்த் திருகைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். குடத்தை அடுப்படிக்குள் வைத்துப் பூட்டினேன். உதடு வெடித்து நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். துணியைச் சப்பப் பார்ப்பீர்கள். பிடுங்கிக்கொள்வேன்.

அப்படியும் பாண்டிச்சேரியில் எடை மெஷின் ஏறியது. "சார், தண்ணி குடிச்சீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றீர்கள். எனக்குத் தெரிந்து இல்லைதான். வீட்டில் நீங்கள் நுழையக்கூடிய இடத்தில் நான் ஒரு சொட்டு விட்டு வைக்கவில்லை. ஒரு நாள் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல், நுரை கக்கி, அவசரமாகக் கொண்டுபோனோம். நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது. பிழைத்துக்கொண்டீர்கள். "இன்னொரு தடவைன்னா வந்து சேர மாட்டாரும்மா" என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்தேன், பக்கத்தில் நீங்கள் இல்லை. கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். தொட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கி வாயில் சாய்த்துக்கொண்டிருந்தீர்கள். பாசியும் செத்த எறும்பும் கொசுப்புழுவும் மிதக்கிற தண்ணீர். தாடையில் பச்சை வழிந்தது. நான் தட்டைப் பிடுங்கி எறிந்தேன். அழுதேன், அடிக்கக் கையை ஓங்கினேன். நீங்கள் அழவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "உப்பில்லாத தண்ணி. ருசியா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து நீங்களே சொன்னீர்கள். "தண்ணி கேக்குற செடி எல்லாத்தையும் குடுத்துடு. தண்ணி கேக்காதது ஒண்ணு இருக்கு பாரு, அதை மட்டும் வை." அன்று சாயங்காலமே உங்களோடு ஷிப்டில் இருந்தவர் வண்டி கொண்டுவந்து எடுத்துப் போனார். டிரம்மை நான் கவிழ்த்தேன். மாசி முடிந்திருந்தது. கிழங்குத் தொட்டியில் காய்ந்த மண் மட்டும்தான் இருந்தது. அதை ஜன்னல் கட்டையில் வைத்து, கட்டிலை அதன் பக்கம் திருப்பிப் போடச் சொன்னீர்கள். ஒன்றும் இல்லாத மண்ணைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். அதற்கப்புறம் என்னை ஏமாற்றி ஒரு வாய் குடிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அதனால் என்ன பிரயோஜனம். கத்திரி வெயிலில் இதயம் தளர்ந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

கம்மாபுரத்திலிருந்து உங்கள் அக்கா வந்தார். சொந்தமெல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றது. இழுத்துக்கொண்டிருக்கிறதே, பால் ஊற்றுங்கள் என்றார்கள். முறைப்படி ஆளுக்கு ஒரு கரண்டி. உங்கள் அக்கா பாலை வேண்டாமென்று செம்பில் தண்ணீர் கேட்டார். "எந்தம்பி தண்ணி தண்ணின்னு ஏங்கிகினு இருந்தானே" என்று அழுதுகொண்டே ஒரு கரண்டி விட்டார், இன்னொன்று விட்டார். மூன்றாவதை மொண்டபோது என் கை தானாகப் போய் உங்கள் வாயைப் பொத்தியது.

"போதும் அண்ணி. இன்னிக்கி அளவு ஆயிடுச்சு."

என் வாயில் வந்ததை என் காதே அப்போதுதான் கேட்டது. உங்கள் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சாவப் போறவனுக்குக் கூடவாடி அளவு?" என்றார். யாரோ என் கையை விலக்கினார்கள். யாரோ கரண்டியை என் விரலில் திணித்து, நீயும் ஊத்தும்மா என்றார்கள். ஊற்றினேன். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. வழிந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் உங்கள் மார்பு நின்றிருந்தது.

காரியம் முடியும் வரை உங்கள் அக்கா அந்த வீட்டில் இருந்தார். தம்பி ஆசையாக வைத்திருந்த தொட்டி காய்ந்து கிடக்கிறதே என்று தினமும் காலையில் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறார். எனக்குத் தெரிந்தபோது மண் சேறாக இருந்தது. ஊற்றாதீர்கள் என்று இன்னொரு முறை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்த்திகை வரை காத்திருந்துவிட்டுக் கிளறிப் பார்த்தேன். கிழங்கு இருந்த இடத்தில் விரலில் ஒட்டுகிற கருப்புச் சகதிதான் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர் கொடுத்தவர் அவர்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே குறிஞ்சிப்பாடியில் வாடகைக்கு வந்துவிட்டேன். டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். மறுபடி உங்களை அந்தக் கட்டிலில் கிடத்தினாலும் குழாய்த் திருகைக் கழற்றத்தான் செய்வேன். ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்லவே இல்லை. அந்த நாட்களில் எனக்குத் தாகம் எடுத்தால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடிப்பேன். தொண்டைச் சத்தம் உங்கள் காதில் விழக் கூடாதென்று வாயில் வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவேன்.

இந்த வீட்டு அடுப்படிக்குக் கதவு இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடிக்கிறேன்.