கறுப்பு மினுக்கு

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று தேவியின் காரை நாலு பாகமாகப் பிரித்தேன். உடைத்து அல்ல, மாஸ்கிங் டேப் ஒட்டி. பானெட்டின் இடது பாதிக்கு டப்பா மெழுகு, வலது பாதிக்குப் பாட்டில் மெழுகு, முன் கதவுக்கு ஸ்ப்ரே. பின் கதவுக்கு ஒன்றும் கிடையாது, அது சும்மா சாட்சிக்கு. கார்டன் ரீச்சில் இப்படி ஒரு பரீட்சையை எவனும் வைத்திருக்க மாட்டான். கப்பல் கட்டும் யார்டில் முப்பத்தொரு வருஷம் போர்க்கப்பலுக்கே பெயிண்ட் அடித்த கை இது. எட்டு வருஷம் ஓடிய சிவப்பு கார் எம்மாத்திரம்.

தேவி என் அக்கா சகுந்தலாவின் மகள். ஜாதவ்பூரில் ஒரு லேபில் வேலை. போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினாள், கையோடு இந்தப் பழைய வண்டியையும் வாங்கினாள். நான் அவர்களுக்குத் துணையாக இங்கே இருக்கிறேன். யார் யாருக்குத் துணை என்று அக்காவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். அவளுக்கு ஒரே ஆசை. மகள் ஓட்ட, முன் சீட்டில் உட்கார்ந்து காளிகாட் கோயிலுக்குப் போக வேண்டும். ஆயுத பூஜை முடிந்ததும் அதுதான் முதல் பயணம்.

செப்டம்பர் 10

மழை. எனக்கு நல்லதாய்ப் போயிற்று. டப்பா மெழுகின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பாட்டில் மெழுகில் முத்து கொஞ்சம் தட்டை. ஸ்ப்ரே மூன்றே நாளில் பாதி போய்விட்டது. சாட்சிக் கதவில் தண்ணீர் சோம்பேறி மாதிரி படுத்துக்கிடந்தது. கீழ்வீட்டு ரஞ்சன் தா (வங்காளத்தில் தா என்றால் அண்ணன்) குடையோடு வந்து பார்த்தார். ஒரு சாணுக்கு நானூற்றுப் பன்னிரண்டு முத்து என்று சொன்னேன். எண்ணவில்லை. ஆனால் இருந்திருக்கும்.

ஒரே குறை, கறுப்பு பம்பரில் மெழுகு பட்டு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. பழைய பல் பிரஷ்ஷால் அரை நாள் தேய்த்தேன். இதை ரஞ்சன் தாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

டயர் மினுக்கு இரண்டு வாங்கியாயிற்று. ஒன்று பால் மாதிரி, தண்ணீர் கலந்தது. பூசினால் டயர் கறுக்கும், பளபளக்காது, துக்க வீட்டுக்கு வந்த மாதிரி நிற்கும். இன்னொன்று கெட்டி எண்ணெய், சிலிக்கான் சரக்கு. பூசினால் டயரில் முகம் பார்க்கலாம். தேவி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள், கதவெல்லாம் கறுப்புப் பொட்டு தெறித்திருந்தது. இருந்தாலும் என் ஓட்டு எண்ணெய்க்குத்தான்.

ரஞ்சன் தா ஓட்டு பாலுக்கு. “எத்தோ தேல் கேனோ, ஷண்முக் தா?” என்கிறார். இவ்வளவு எண்ணெய் எதற்காம். கடுகெண்ணெயில் மீனை முக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டதுண்டா என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, படிச்சீங்களா மாமா என்று தேவி கேட்டாள். எழுதினவனே நான்தான்னு வெச்சுக்கோ என்றேன்.

செப்டம்பர் 17

விஸ்வகர்மா பூஜை, இந்த ஊர் ஆயுத பூஜை. வானமெல்லாம் பட்டம். ரஞ்சன் தா தன் வண்டிக்கு மாலை போட்டார். உங்கள் வண்டிக்கு இல்லையா என்றார். எங்களுக்கு நவமி அன்றைக்கு, அன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள், கண் கூசும் என்றேன்.

செப்டம்பர் 30

எல்லாம் தயார். வண்டி முழுக்க டப்பா மெழுகு இரண்டு பூச்சு. நாலு டயருக்கும் எண்ணெய். பாட்டிலில் மிச்சம் இருந்தது, வீணாக்குவானேன் என்று காலடி ரப்பர் விரிப்புக்கும் மூன்று பெடலுக்கும் பூசினேன். டயரும் ரப்பர், பெடலும் ரப்பர்.

அக்கா காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “கால் வைக்கற எடத்துக்கு எதுக்குடா மினுக்கு?” என்றாள். சாமிக்கு உள்ளும் ஒண்ணுதான் வெளியும் ஒண்ணுதான் என்றேன். தத்துவம் மாதிரி வந்து விழுந்தது.

அக்டோபர் 1

அக்கா ஆஸ்பத்திரியில்.

அக்டோபர் 2

எழுதிப் பார்க்கிறேன். நேற்று பூஜையில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அக்கா முன்னால் நின்று சூடம் காட்டினாள். தட்டைக் கீழே வைக்கக் குனிந்தாள். நான் வண்டியை எடு எடு என்றேன். தேவி எடுத்தாள். பழம் நசுங்கிய சத்தம் கேட்டது. வண்டி அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு முழம்தான். ஒரே ஒரு முழம். அக்கா விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு.

பிரேக் கோளாறு. பழைய வண்டி அல்லவா. நான் பாய்ந்து அக்காவை இழுக்காவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

அக்டோபர் 4

ஆபரேஷன் முடிந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். சேலத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன். பாய்ந்து இழுத்த கதையை ஆறு பேருக்குச் சொல்லிவிட்டேன். ஆறாவது தடவை கை காலெல்லாம் சிராய்ப்பு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 6

மெக்கானிக் பாபு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். பிரேக் நன்றாக இருக்கிறது என்றான். தேவி பக்கத்தில்தான் நின்றாள்.

“அப்போ நான்தான்.”

அவ்வளவுதான் சொன்னாள். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மாடி ஏறினாள். பாபு பெடலைத் தடவி, விரலை மோந்து பார்த்து, இது என்ன எண்ணெய் என்று கேட்டான். வண்டிக்குள் விளக்கெண்ணெய் கொட்டிவிட்டது என்றேன். இது எப்படி என் வாயில் வந்தது?

அக்டோபர் 9

பிள்ளை சாப்பிடுவதில்லை. பஸ்ஸில் ஜாதவ்பூர் போகிறாள், வருகிறாள். வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று ரஞ்சன் தாவிடம் வங்காளியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காது என்று நினைத்தாள். கேட்டது.

சொல்லலாமா? சொன்னால் என்னை இந்த வீட்டில் — சரி, நாளைக்கு.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அக்காவோடு தனியாக இருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். தின்றுகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

“நீ எங்கடா பாய்ஞ்ச? பின்னாடி டயரைப் பாத்துக்கிட்டு நின்ன.”

ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கித் தாளில் சுற்றினேன்.

“பெடலை நீ தேய்ச்சதை நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. பொண்ணு தெனமும் என் காலைப் புடிச்சுக்கிட்டு அழுவுது.”

மீதி ஆரஞ்சை நான்தான் தின்றேன்.

அக்டோபர் 13

இந்த நோட்டிலாவது. நான் பாயவில்லை. எனக்குச் சிராய்ப்பு இல்லை. யார்டில் நான் பெயிண்டே அடித்ததில்லை, ஸ்டோரில் டப்பா எடுத்துக் கொடுத்தேன், டப்பா நிறத்தைப் பார்த்து. எழுத்தைப் பார்த்து அல்ல. எட்டாவதோடு நின்றவனுக்குப் பாட்டிலில் இருக்கும் அந்தப் பொடி இங்கிலீஷ் எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அரை நிமிஷம் ஆகுமா?

அக்டோபர் 15

சொல்லிவிட்டேன். முதலில் சுற்றி வளைத்தேன், பாதியில் அதை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

தேவி கத்தவில்லை. கீழே போய் அந்தப் பாட்டிலை எடுத்து வந்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். பெடல், ஸ்டியரிங், டயர் தரையில் படும் பக்கம், இங்கெல்லாம் பூசக்கூடாது, வழுக்கும்.

“மூணாவது வரியிலயே இருக்கு.”

பிறகு ரொம்ப நேரம் பாத்ரூமில் குழாய் ஓடுகிற சத்தம்.

அக்டோபர் 16

பேசவில்லை.

அக்டோபர் 19

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வாக்கர் பிடித்து ஹால் வரை நடக்கிறாள். ஒரு கால் கொஞ்சம் கட்டையாகத்தான் இருக்குமாம், இனி அப்படித்தானாம். சேலத்து ஆறு பேருக்கும் போன் போட்டு நான் பாயவில்லை என்று சொன்னேன். இரண்டு பேர் அதை நம்பவில்லை.

அக்டோபர் 25

சோப்புத் தண்ணீரால் பெடலைக் கழுவினேன். கழுவிக் காயவைத்து, மறுபடி கழுவி, உப்புத்தாளால் தேய்த்தேன். விரல் வைத்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. வேறு எதையும் தொடவில்லை. மெழுகின் மேல் தூசி.

தேவி இன்னும் பேசவில்லை. சோறு மட்டும் மூடி வைக்கிறாள்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் ரஞ்சன் தாவும் நானும் அக்காவை நாற்காலியோடு கீழே இறக்கினோம். தேவி சாவியோடு வந்தாள். பெடலைக் கையால் தடவிப் பார்த்தாள், பிறகுதான் உட்கார்ந்தாள். அக்கா முன் சீட்டில். வாக்கர் பின் சீட்டில், நான் உட்கார வேண்டிய இடத்தில். காளிகாட் போகிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

வண்டி அழுக்கு. டயர் சாம்பல் நிறம்.

கேட்டைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். தேவி கண்ணாடியை இறக்கினாள். பதினெட்டு நாள் கழித்து ஒரு பேச்சு.

“முன்னாடி நிக்காதீங்க. தள்ளி நில்லுங்க மாமா.”

தள்ளி நின்றேன்.